பெயருக்கும் கண்டுபிடிப்புக்கும் பதிவு: நம்மவர் அறிய வேண்டியவை

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்க வளாகத்தில் போட்டிருந்த கடைகளை அன்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். சாம்பார் பொடி, வடகம், ஊறுகாய், கைத்தறிப் பை, வீட்டில் செய்த சோப்பு என்று வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் அழகாக அச்சிட்ட லேபிள், அதில் ஒரு பெயர். நான் ஒவ்வொரு கடையிலும் நின்று ஒரே கேள்வியைக் கேட்டேன்: "இந்தப் பெயரைப் பதிவு செய்திருக்கிறீர்களா?" ஒரே ஒரு கடைக்காரர்தான் ஆமாம் என்றார். மற்றவர்கள், "உணவு லைசென்ஸ் இருக்கிறதே, ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கிறதே, அது போதாதா?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

கடைசிக் கடையில் ஒரு இளைஞர் தாமே செய்த தேங்காய் துருவும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டிக் கொண்டிருந்தார். கூட்டம் அலைமோதியது. அவரே மூடியைக் கழற்றி உள்ளே இருப்பதையெல்லாம் விளக்க, பலர் செல்போனில் படம் எடுத்துக் கொண்டிருந்தார்கள். "பேட்டண்டுக்கு விண்ணப்பித்து விட்டீர்களா தம்பி?" என்றேன். "இன்னும் இரண்டு மூன்று விழாக்களில் காட்டிவிட்டு, வரவேற்பு நன்றாக இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன் சார்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு.

இதை ஆசிரியரிடம் சொன்னபோது, "அப்படியானால் நீங்களே எழுதுங்கள்" என்று கட்டளையிட்டு விட்டார். நான் வக்கீல் அல்ல. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் காலம் கழித்தவன். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு எனக்காகவும் அக்கம் பக்கத்தாருக்காகவும் இந்தக் காரியங்களில் அலைந்து தெரிந்து கொண்டது கொஞ்சம் உண்டு. அதைத்தான் எழுதுகிறேன்.

இரண்டும் ஒன்றல்ல

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்து விடுவோம். டிரேட் மார்க் என்னும் வணிகச் சின்னம் பெயருக்கும் அடையாளத்துக்கும் உரியது. பேட்டண்ட் என்னும் காப்புரிமை புதிய கண்டுபிடிப்புக்கு உரியது. என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். தண்டவாளத்தைச் சிலீப்பரோடு பிடித்து வைத்திருக்கும் வளைந்த எஃகுக் கிளிப்பை ரயில் பயணிகள் பிளாட்பாரத்திலிருந்தே பார்க்கலாம். 1950-களில் அதைக் கண்டுபிடித்தவர் நார்வே நாட்டுப் பொறியாளர் பேர் பாண்டே-ரோல்ஃப்சன். உரிமையை வாங்கிய ஆங்கிலக் கம்பெனி அவர் பெயரையே சுருக்கி 'பாண்ட்ரால்' என்று வைத்தது. அந்த முதல் கிளிப்பின் பேட்டண்ட் காலாவதியாகி எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. பெயரோ இன்றும் வாழ்கிறது. நம் ரயில்வே ஆவணங்களில் 'எலாஸ்டிக் ரயில் கிளிப்' என்று எழுதினாலும், கேங்மேன் வாயில் வருவது 'பாண்ட்ரால்' தான்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பேட்டண்டுக்கு ஆயுள் 20 ஆண்டு. அதற்கு மேல் ஒரு நாள் கூட நீட்டிக்க முடியாது. டிரேட் மார்க்குக்கு ஆயுள் 10 ஆண்டு. ஆனால் பத்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக் கொண்டே போகலாம். தலைமுறை தலைமுறையாக இருக்கும்.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. பேட்டண்டில் முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. ஆகவே வெளியே சொல்வதற்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். டிரேட் மார்க்கில் முதலில் பயன்படுத்தியவருக்குச் சட்டம் மதிப்புத் தருகிறது. ஆகவே வெளிப்படையாகப் பயன்படுத்தி, அதற்கான சான்றுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒன்றில் வாயை மூடிக்கொள்ள வேண்டும், மற்றதில் பில்லைக் காப்பாற்ற வேண்டும். இந்தக் கட்டுரையின் சாரமே இவ்வளவுதான். மற்றதெல்லாம் விளக்கம்.

அக்காவின் பொடியும் கம்பியில் குத்திய பில்லும்

சயான் கோலிவாடாவில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒரு சகோதரி இருக்கிறார். 2006-ஆம் ஆண்டிலிருந்து இட்லிப் பொடியும் சாம்பார் பொடியும் இடித்து விற்கிறார். தம் பாட்டியின் பெயரையே பொடிக்கு வைத்து, உரலும் உலக்கையும் படம் போட்ட லேபிள் ஒட்டுகிறார். தாராவி இட்லிக்காரர்கள் முதல் செம்பூர் குடும்பங்கள் வரை அவருடைய வாடிக்கை. அவரிடம் மொத்தமாக வாங்கி விற்ற ஒரு வியாபாரி 2018-இல் திடீரென்று வாங்குவதை நிறுத்திக் கொண்டார். மறு ஆண்டு அதே பாட்டி பெயரில், அதே உரல் படத்தோடு, வேறு பொடி கடைகளில் தொங்கியது.

அந்தச் சகோதரி பதறிப் போய் என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, எங்க ஆச்சி பேரை எவனோ எடுத்துக்கிட்டான். இனி நான் அந்தப் பேரைப் போட்டா என் மேலேயே கேஸ் போடுவானாமே?" என்று அழுதார். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தோம். அந்த வியாபாரி அந்தப் பெயரைத் தம் பெயரில் பதிவு செய்ய விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பம் ஏற்கப்பட்டு, டிரேட் மார்க் ஜர்னலில் விளம்பரமும் வந்துவிட்டது. எதிர்ப்புத் தெரிவிக்க 19 நாட்களே மிச்சம்.

"பழைய பில் ஏதாவது இருக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். வீட்டுக்குள் போய், கதவுக்குப் பின்னால் தொங்கிய கம்பியைக் கழற்றிக் கொண்டு வந்தார். லேபிள் அச்சடித்த அச்சகத்தின் பில், மாவு மில் ரசீது, இட்லிக்காரர்களுக்குக் கொடுத்த கடன் சீட்டு, எல்லாம் குத்திக் கிடந்தன. அடியில் துருப்பிடித்த ஓட்டையோடு 2006-ஆம் ஆண்டின் அச்சக பில். பொடியின் பெயரும் அதில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த ஒரு காகிதம்தான் அவரைக் காப்பாற்றியது.

எதிர்ப்பு மனுவைத் தாக்கல் செய்தோம். அதற்குக் கட்டணம் ஒரு வகுப்புக்கு இணையவழியில் ரூ. 2,700. எதிர்ப்பின் நகல் கிடைத்ததிலிருந்து 2 மாதத்துக்குள் விண்ணப்பதாரர் பதில் மனு போட வேண்டும். போடாவிட்டால் அவர் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே சட்டம் கருதும். அந்த வியாபாரி பதில் போடவில்லை. அவர் விண்ணப்பம் விழுந்தது. கூடவே அந்தச் சகோதரியின் பெயரில் நாங்கள் போட்ட விண்ணப்பம் 2021-இல் பதிவாகியது. சான்றிதழைப் பாட்டி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். பொங்கல் கடைகளில் எனக்கு "ஆமாம்" என்று பதில் சொன்னவர் அவர்தான்.

இன்னும் 19 நாள் கழித்து வந்திருந்தால்? வழியே இல்லை என்று சொல்ல முடியாது. முன்பிருந்தே நல்லெண்ணத்தோடு பயன்படுத்தி வந்தவரைப் பின்னால் வந்தவர் தடுக்க முடியாது என்று சட்டத்தின் 34-வது பிரிவு சொல்கிறது. பதிவை நீக்கக் கோரிப் பதிவாளரிடமோ உயர் நீதிமன்றத்திலோ மனுச் செய்யலாம். ஆனால் அது வக்கீல், வாய்தா, வருடக்கணக்கு. ஏழை வியாபாரிக்குத் தாங்காது.

எந்த ஊர் அலுவலகம்?

டிரேட் மார்க் பதிவகத்தின் தலைமையிடம் மும்பை. டெல்லி, கொல்கத்தா, சென்னை, அகமதாபாத் ஆகிய இடங்களில் கிளைகள். பேட்டண்ட் அலுவலகத்துக்குத் தலைமையிடம் கொல்கத்தா. மும்பை, டெல்லி, சென்னையில் கிளைகள். மும்பையில் இரண்டும் ஆண்டாப் ஹில்லில் 'பௌத்திக் சம்பதா பவன்' என்ற ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. நம்மவர்கள் நிறைய வாழும் மாட்டுங்கா, சயான், வடாலாப் பகுதிகளுக்குக் கூப்பிடு தூரம்தான். ஆனால் உள்ளே போனவர்கள் எத்தனை பேர்?

நம்மவர் பலரும் செய்யும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். "எங்கள் சொந்த ஊர் தஞ்சாவூர், அதனால் சென்னையில்தான் போட வேண்டும்" என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. தொழில் நடக்கும் முக்கிய இடம் எதுவோ அதைப் பொறுத்ததே அலுவலகம். மகாராஷ்டிரம், கோவா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கரில் தொழில் செய்பவர்களுக்கு டிரேட் மார்க் மும்பையில். குஜராத், ராஜஸ்தான் அன்பர்களுக்கு அகமதாபாத். டெல்லி, உத்தரப் பிரதேசம், பஞ்சாப், ஹரியானாவுக்கு டெல்லி. வங்கம், பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவுக்குக் கொல்கத்தா. கர்நாடகம், கேரளம், ஆந்திரம், தெலங்கானாவில் இருப்பவர்களுக்குத்தான் சென்னை. எங்கே பதிவு செய்தாலும் அது இந்தியா முழுமைக்கும் செல்லும். ஆனால் இந்தியாவுக்கு வெளியே செல்லாது. பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் விற்க நினைத்தால் அங்கே தனியாகப் பதிவு வேண்டும்.

விண்ணப்பம் போகும் வழி

முதல் படி தேடுதல். பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஓசை வாரியாகத் தேடும் வசதியும் இருக்கிறது. ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் காதில் ஒன்று போலவே விழுந்தால் ஆட்சேபம் வரும்.

இரண்டாவது, வகுப்பு. பொருட்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 1 முதல் 34 வரை பொருள்கள், 35 முதல் 45 வரை சேவைகள். மசாலாப் பொடி, காபி, அரிசி, மாவு வகை 30-வது வகுப்பு. ஊறுகாய் 29. சோப்பு 3. துணிமணி 25. உணவு விடுதியும் கேட்டரிங்கும் 43. பொடியும் விற்று மெஸ்ஸும் நடத்துபவர் இரண்டு வகுப்புக்கும் கட்டணம் கட்ட வேண்டும்.

மூன்றாவது, விண்ணப்பம். படிவத்தின் பெயர் டி.எம்.-ஏ. தனி நபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு இணையவழியில் ரூ. 4,500, காகிதத்தில் கொடுத்தால் ரூ. 5,000. பெரிய கம்பெனிகளுக்கு இதில் இரட்டிப்பு. ஏற்கெனவே அந்தப் பெயரில் விற்று வருபவர், எந்தத் தேதியிலிருந்து என்று குறிப்பிட்டு, பிரமாணப் பத்திரமும் சான்றும் கொடுக்க வேண்டும். அந்தக் கம்பியில் குத்திய பில் இங்கேதான் மறுபடியும் உதவும். லேபிளில் தமிழ் எழுத்து இருந்தால், அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. நம்மவர்கள் விட்டுவிடும் இடம் இது.

விண்ணப்ப எண் கிடைத்ததும் பெயருக்குப் பக்கத்தில் சிறியதாக 'டி.எம்.' என்று போட்டுக் கொள்ளலாம். வட்டத்துக்குள் இருக்கும் ஆங்கில 'ஆர்' எழுத்தைப் பதிவுச் சான்றிதழ் வந்த பிறகே போட வேண்டும். முன்னதாகவே போடுவது சட்டப்படி குற்றம். நம் கண்காட்சியில் இரண்டு லேபிள்களில் அந்த 'ஆர்' இருந்தது. கேட்டால் அச்சகத்துக்காரர் அழகுக்குப் போட்டாராம்!

அதன்பின் அலுவலகம் பரிசோதனை அறிக்கை அனுப்பும். ஆட்சேபம் இருந்தால், அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இது மின்னஞ்சலில் வரும். விண்ணப்பத்தில் பேரன் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டு, அவன் பார்க்காமல் விட்டுவிட, முழு விண்ணப்பமும் வீணானதை நான் கண்டிருக்கிறேன். வாரம் ஒரு முறையாவது இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள்.

ஏற்கப்பட்டால் ஜர்னலில் வெளியாகும். ஜர்னல் வாரந்தோறும் திங்கட்கிழமை வருகிறது. வெளியான தேதியிலிருந்து 4 மாதத்துக்குள் யாரும் எதிர்க்கலாம். எதிர்ப்பு இல்லையென்றால் பதிவாகும். ஜர்னலில் உங்கள் முகவரி வெளியானதும் ஒரு வேடிக்கை நடக்கும். அரசு முத்திரை போலவே எதையோ அச்சிட்டு, "இவ்வளவு ரூபாய் உடனே அனுப்பவும்" என்று கடிதங்கள் வரும். நம்பாதீர்கள். உங்கள் விண்ணப்ப எண்ணின் கீழ் இணையதளத்தில் இல்லாத எந்தக் கட்டணமும் கட்ட வேண்டியதில்லை.

விசாரணைக்குக் கூப்பிட்டால்

எழுத்து மூலமான பதில் திருப்தி தராவிட்டால் விசாரணைக்குத் தேதி கொடுப்பார்கள். கோர்ட் என்று பயப்பட வேண்டாம். இப்போது பெரும்பாலும் வீடியோ மூலமே நடக்கிறது, வீட்டிலிருந்தே பேசலாம். அறிவிப்பில் தேதி, நேரம், இணைப்பு எல்லாம் இருக்கும். வந்தவுடன் மூன்று காரியம் செய்யுங்கள். தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். ஆட்சேபத்துக்கு உங்கள் பதிலை ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதி வையுங்கள். பில், லேபிள், விளம்பரம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள். அதிகாரிக்கு உங்கள் குடும்பக் கதை வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பொருளுக்கு, என்ன சான்று, இவ்வளவுதான் வேண்டும்.

அன்றைக்கு வர முடியாவிட்டால் சும்மா இருந்து விடாதீர்கள். முன்கூட்டியே காரணம் எழுதி ஒத்திவைக்கக் கேட்க வேண்டும். பேட்டண்ட் விசாரணையில் குறைந்தது 3 நாள் முன்பாகக் கேட்க வேண்டும். பேட்டண்ட் விசாரணையிலும், டிரேட் மார்க் எதிர்ப்பு விசாரணையிலும் இரண்டு முறைக்கு மேல் ஒத்திவைக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் 30 நாளுக்கு மேல் போகாது. ரயில் நமக்காக நிற்காது என்பது எனக்குத் தெரிந்த பாடம். இங்கேயும் அதே கதைதான்.

எந்தப் பெயர் கிடைக்காது?

பொருளையே வர்ணிக்கும் சொல் ஒருவருக்குச் சொந்தமாகாது. 'சுவையான சாம்பார் பொடி' என்பதை யாரும் தனியுரிமை கேட்க முடியாது. வெறும் ஊர்ப் பெயரும் அப்படியே. தெய்வப் பெயரும் புனித நூலின் பெயரும் வைப்பது நம் வழக்கம். ஆனால் 2015-இல் உச்ச நீதிமன்றம், ஊதுபத்திக்கு 'ராமாயணம்' என்ற பெயரைத் தனியொருவர் சொந்தம் கொண்டாட முடியாது என்று தீர்ப்பளித்தது. வேறு எவரிடமும் இல்லாத சொல், நீங்களே கட்டிய சொல், அதுவே பலமான பெயர்.

ஊர்ப் பெயரில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. புவிசார் குறியீடு என்று தனிச் சட்டம் இருக்கிறது. அதற்கான பதிவகம் சென்னை கிண்டியில் உள்ளது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பழனி பஞ்சாமிர்தம் இரண்டும் 2019-இலும், கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-இலும், மணப்பாறை முறுக்கு 2023-இலும் பதிவாகி விட்டன. ஊரிலிருந்து வரவழைத்து விற்றால் தொல்லையில்லை. தாராவியில் காய்ச்சிய கடலைமிட்டாய்க்குக் 'கோவில்பட்டி' என்று லேபிள் ஒட்டினால், அந்த ஊர் உற்பத்தியாளர்களின் வயிற்றில் நாமே அடிக்கிறோம், சட்டமும் விடாது.

கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை

இனி பேட்டண்டுக்கு வருவோம். இந்தியாவில் இது பழைய விஷயம். 1856-ஆம் ஆண்டு முதல் சட்டம் வந்தபோது, கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்ஃபிரெட் டிபென்னிங் என்ற பொறியாளர்தான் முதல் விண்ணப்பதாரர். அவர் கண்டுபிடித்தது பங்கா இழுக்கும் இயந்திரம். வெயில் தாங்காதவர் செய்த வேலை போலும்! இப்போது நடப்பில் உள்ளது 1970-ஆம் ஆண்டுச் சட்டம். 2005 வரை பெரிய திருத்தங்கள் பல செய்யப்பட்டன.

காப்புரிமை கிடைக்க மூன்று தகுதி வேண்டும். உலகில் எங்கும் முன்பு வெளியாகாத புதுமை. துறை தெரிந்தவருக்கும் எளிதில் தோன்றாத முன்னேற்றம். தொழிலில் பயன்படும் தன்மை. தெரிந்த சாமான்களைக் கலந்து அவற்றின் தனித்தனிக் குணங்களையே ஒன்றாகக் காட்டினால் போதாது. தெரிந்த கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்தாலும் போதாது. வியாபார முறைக்கும், வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் கிடையாது. பரம்பரை அறிவுக்கும் கிடையாது. பாட்டி கிண்டிய லேகியத்தை எழுதிக் கொண்டு போய்ப் பேட்டண்ட் கேட்க முடியாது. அமெரிக்காவில் 1995-இல் மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்குப் பேட்டண்ட் கொடுத்து விட்டார்கள். நம் நாட்டின் சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல் சான்றுகளைக் காட்டி எதிர்க்க, 1997-இல் அது ரத்தானது. அங்கேயும் வென்றது தேதி போட்ட பழைய காகிதமே.

வழிமுறை இது. கருவி முழுமை பெறாவிட்டாலும், கருத்து தெளிவாக இருந்தால் தற்காலிக விவரணத்தோடு விண்ணப்பிக்கலாம். அன்றைய தேதி உங்களுக்கு உறுதியாகி விடும். 12 மாதத்துக்குள் படம், முழு விளக்கம், எதற்கெல்லாம் உரிமை கேட்கிறீர்கள் என்ற கோரிக்கைகள் ஆகியவற்றோடு முழு விவரணம் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் போய்விடும். தனி நபருக்கு விண்ணப்பக் கட்டணம் இணையவழியில் ரூ. 1,600; இதில் 30 பக்கமும் 10 கோரிக்கையும் அடங்கும்.

சாதாரணமாக 18 மாதம் ஆனதும் வெளியிடுவார்கள். ஆனால் தானாகப் பரிசோதனை நடக்காது! அதற்குத் தனியாகப் படிவம் 18-இல் கேட்க வேண்டும். தனி நபருக்குக் கட்டணம் ரூ. 4,000. முன்பு இதற்கு 48 மாத அவகாசம் இருந்தது. 2024 மார்ச்சில் வந்த திருத்தத்துக்குப் பிறகு போடும் விண்ணப்பங்களுக்கு அது 31 மாதமாகக் குறைந்து விட்டது. பழைய புத்தகத்தைப் பார்த்து 48 என்று இருந்து விடாதீர்கள். விண்ணப்பதாரர் பெண்ணாக இருந்தால் விரைவுப் பரிசோதனை கேட்கும் சலுகை உண்டு. பரிசோதனை அறிக்கை வந்தபின் பதில் அளிக்க 6 மாதம். கேட்டால் இன்னும் 3 மாதம். காப்புரிமை கிடைத்த பின்னும், 3-ஆவது ஆண்டு முதல் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். தனி நபருக்கு ஆரம்பத்தில் ஆண்டுக்கு ரூ. 800; போகப் போக உயர்ந்து, கடைசி ஐந்தாண்டுகளில் ரூ. 8,000 ஆகிறது.

விண்ணப்பத்தைத் தாமே போடலாம். ஆனால் கோரிக்கைகளை எழுதுவதற்குப் பேட்டண்ட் ஏஜெண்ட் ஒருவரைப் பிடிப்பது நல்லது. அந்தத் தேர்வை நானே எழுதலாமா என்று ஓய்வு பெற்ற புதிதில் விசாரித்தேன். அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டுமாம்; என் டிப்ளமோ போதாதாம். நல்லதுதான், பலர் பிழைத்தார்கள்!

என் கதை

கடைசியாக நான் செய்த தவறு. கடலோரப் பகுதியில் உப்புக் காற்றில் பாண்ட்ரால் கிளிப் துருப்பிடித்து இறுகிவிடும். சம்மட்டியால் அடித்து எடுக்கும்போது கிளிப் தெறித்து, எங்கள் ஆள் ஒருவருக்குத் தாடை உடைந்தது. அந்த வேதனையில் 1994-இல் திருகும் நெம்புகோலும் சேர்ந்த ஒரு கருவி செய்தேன். அடி இல்லாமல் மெதுவாக இழுத்து எடுக்கும். எல்லாரும் பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்து போய், வெளியார் பலர் வந்திருந்த ஒரு கூட்டத்தில் படம் வரைந்து விளக்கினேன். அளவுகளோடு கட்டுரையும் அச்சில் வந்தது.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு தனியார் பட்டறை அதே கருவியை விற்பதைப் பார்த்தேன். ஓடிப் போய் ஒரு ஏஜெண்டைக் கேட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதை எங்காவது வெளியிட்டிருக்கிறீர்களா?" பெருமையாகக் கட்டுரையை எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, "உங்கள் விண்ணப்பத்துக்கு எதிரான முதல் சாட்சி நீங்களேதான்" என்றார். பணியில் இருந்தபோது செய்தது என்பதால் உரிமை எனக்கா, துறைக்கா என்பது தனிக் கேள்வி. அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று.

பணம் போனதில் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அந்தப் பட்டறை செய்த கருவியில் திருகு மட்டமான இரும்பு. இரண்டு இடத்தில் அது முறிந்து ஆட்களுக்குக் காயம் என்று கேள்விப்பட்டேன். உரிமை நம் பக்கம் இருந்திருந்தால், 'இப்படிச் செய்யாதே' என்று சொல்லும் அதிகாரமாவது இருந்திருக்கும். காப்புரிமை என்பது காசுக்கு மட்டும் அல்ல என்று அன்று புரிந்தது.

அரசு அறிவிக்கும் சில கண்காட்சிகளில் காட்டியிருந்தாலோ, கற்றறிந்தோர் சபையில் கட்டுரை படித்திருந்தாலோ 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நம் பொங்கல் விழா அந்தப் பட்டியலில் இல்லை! அதை நம்பி யாரும் காட்ட வேண்டாம்.

அந்தத் தேங்காய்த் துருவல் இளைஞரைப் பந்திக்குப் பிறகு தனியாக அழைத்து இதையெல்லாம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. பிறகு, "சார், இந்த மாடலில் ஓடு வரை துருவி விடுகிறது என்று, தானாக நின்றுவிடுகிற மாதிரி வேறொரு பிளேடு அமைப்புச் செய்து வீட்டில் வைத்திருக்கிறேன். அதை இன்னும் யாருக்கும் காட்டவில்லை" என்றார். "அதை உன் பெண்டாட்டிக்கும் காட்டாதே, முதலில் விண்ணப்பம் போடு" என்றேன். மாசி மாதத்திலேயே தற்காலிக விவரணத்தோடு விண்ணப்பித்து விட்டார். கிடைக்குமா என்பது பரிசோதனையில் தெரியும். தேதியாவது அவர் பக்கம் இருக்கிறது.

சங்க அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கடை வைத்திருப்பவர்கள் இன்றே பழைய பில்களைத் தேடி எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். புதிதாக எதையாவது செய்து பார்ப்பவர்கள் விழாவுக்குக் கொண்டு வருவதற்கு முன் விண்ணப்பத்தைப் போடுங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை சங்க நூலகத்துக்கு வாருங்கள். நான் செய்தித்தாள் படித்துக் கொண்டு அங்கேதான் இருப்பேன். பில்லைக் கொண்டு வாருங்கள். கண்டுபிடிப்பை மட்டும் என்னிடமும் சொல்லாதீர்கள்!